அப்பாவுக்கு முளைத்த பல்

உங்களில் யாருக்காவது இப்போது முன்பல் ஆடிக்கொண்டிருக்கிறதா? நாக்கால் தள்ளாதீர்கள். அது தானாக விழும். நான் இப்படிச் சொன்னாலும் தள்ளத்தான் போகிறீர்கள். என் மகளும் தள்ளினாள்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. காரைக்காலில் ஒன்பதாம் வகுப்பு வரை போனேன். அதன் பிறகு தோசைக்கல்தான் என் பலகை. அந்தத் தோசைக்கல் என்னை எங்கெங்கோ கூட்டிக்கொண்டு போய், கடைசியில் வியட்நாமில் சைகோன் நகரத்தில் இறக்கிவிட்டது. டிஸ்ட்ரிக்ட் 1-இல், டோங் டு தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில் ஓர் இந்திய உணவகம். அங்கே நான் தோசை மாஸ்டர். பல்லைப் பற்றி எழுத எனக்கு இருக்கிற ஒரே தகுதி, என் வாயில் ஒரு பல் இருக்கிறது, அது தானாக முளைத்தது இல்லை என்பதுதான்.

நானும் மனைவியும் மகளும் ஒரு சந்துக்குள் மாடி அறையில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரம்மா. எங்கள் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால் அவருடைய சமையலறையின் தகரக் கூரை தெரியும். வியட்நாமில் யாரைப் பார்த்தாலும் அண்ணன், அக்கா, தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். அது நமக்கும் பழக்கம்தானே. அதனால் நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். அவர்கள் பாஷையில் பேசிக்கொண்டதை எல்லாம் உங்களுக்காக நம் பாஷையில் எழுதுகிறேன்.

மகளுக்கு அப்போது ஆறரை வயது. அங்கேயே ஒரு வியட்நாமியப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. கார்த்திகை நடுவில் அவளுடைய மேல் முன்பல் விழுந்தது. முதல் வாரம் பெருமையாக இருந்தாள். இரண்டாம் வாரம், அவளுக்குப் பிறகு பல் விழுந்த ஒரு பெண்ணுக்குப் புதுப்பல் எட்டிப் பார்த்துவிட்டது. அவ்வளவுதான். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். வகுப்பில் வாசிக்கச் சொன்னால் வாசிக்கவில்லை. கேள்வி கேட்டால் தலையை மட்டும் ஆட்டினாள். ஆசிரியை கைபேசியில் செய்தி அனுப்பினார்: "பிள்ளை நன்றாக இருந்தது. இப்போது வாயே திறக்கவில்லை. வீட்டில் ஏதாவது பிரச்சினையா?"

வீட்டில் பிரச்சினை ஒன்றுமில்லை. வாயில்தான் பிரச்சினை. "எனக்கு முளைக்கவே முளைக்காது" என்று முடிவு கட்டிவிட்டாள்.

பொங்கல் வந்தது. எங்கள் சந்து முனையில் கரும்புச்சாறு விற்கிற ஓர் அம்மாள் வண்டி போட்டிருப்பார். அந்த ஊரில் கரும்பைத் தோல் சீவி, இயந்திரத்தில் விட்டு, சாறு பிழிந்து, ஐஸ் போட்டுக் குடிப்பார்களே தவிர, கடித்துத் தின்பவர்களை நான் பார்த்ததில்லை. நான் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போய், தோல் சீவாத கழி ஒன்று வேண்டும் என்றேன்.

"சாறா?" என்றார் அவர்.

"இல்லை, முழுசா."

"முழுசா வச்சு என்ன செய்வீங்க? மெஷின் இங்கதானே இருக்கு?"

நான் மகளைப் பார்த்தேன். அவளைச் சிரிக்க வைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. "பாப்பா, நம்ம ஊர்ல மெஷினே கிடையாது" என்று என் பல்லைத் தட்டிக் காட்டினேன். "இதான் மெஷின்."

சொல்லிவிட்டுக் கணுவுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, தோலை உரிக்க ஓர் இழுப்பு இழுத்தேன். டக்கென்று சத்தம். கரும்பு உடைந்துவிட்டது என்று நினைத்தேன். கரும்பு முழுசாக இருந்தது.

வண்டிக்கார அம்மாள் "ச்சோய் ஓய்!" என்று கத்தினார். அந்த ஊரில் 'ஐயோ கடவுளே' என்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள். என் மனைவி, "என்னங்க, துப்புங்க, துப்புங்க" என்றாள். துப்பினேன். உள்ளங்கையில் என் மேல் முன்பல் கிடந்தது. வேர் மட்டும் உள்ளே நின்றுவிட்டது. வெளியே தெரிகிற பகுதி முழுவதும் கையில்.

மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, மெஷின் உடைஞ்சிருச்சு" என்றாள். பிறகு என் வாயைப் பார்த்தாள். பிறகு தெருவே திரும்பிப் பார்க்கும்படி, வாயைப் பொத்தாமல், ஒரு மாதத்துச் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தாள்.

"அப்பாவுக்கும் விழுந்துருச்சு! எனக்கு விழுந்த அதே பல்லு!"

"ஆமாம்டா கண்ணு."

"அப்போ உனக்கும் முளைக்கும்ல?"

அந்த இடத்தில் ஒரு நல்ல தகப்பன், பெரியவர்களுக்கு முளைக்காது, உனக்குத்தான் முளைக்கும் என்று சொல்லியிருப்பான். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"முளைக்கும்" என்றேன்.

"முளைக்கலைன்னா?"

"அதெல்லாம் முளைக்கும்."

"உனக்கு முளைக்கலைன்னா எனக்கும் முளைக்காது" என்று சொல்லிவிட்டு, திரும்பவும் கையால் வாயை மூடிக்கொண்டாள்.

இப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சண்டை. வியட்நாமில் பிள்ளைகளுக்கு மேல் பல் விழுந்தால் கட்டிலுக்கு அடியில் போடுவார்கள். கீழ்ப் பல் விழுந்தால் கூரைமேல் எறிவார்கள். எலி வந்து பழைய பல்லை எடுத்துக்கொண்டு புதுசு கொடுக்கும். வீட்டுக்காரம்மா சொன்னபடி மகளின் பல் கீழே அவருடைய கட்டிலுக்கு அடியில்தான் போனது. நம் ஊரில் மேலாவது கீழாவது, எல்லாம் கூரைக்குத்தான். என் மனைவிக்கு அந்தக் குறை ஒரு மாதமாக உள்ளே இருந்தது.

"புள்ளையோட பல்லைத்தான் உங்க இஷ்டத்துக்குப் போட்டீங்க. இது காரைக்கால் பல்லு. கூரைக்குத்தான் போகும்" என்று வீட்டுக்காரம்மாவிடம் சொன்னாள்.

"மேல் பல்லு கூரைக்குப் போனா மேல்நோக்கி முளைக்கும், மூக்குக்குள்ள போயிடும்" என்றார் வீட்டுக்காரம்மா.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மகள் எல்லோரையும் பார்த்தாள். எனக்கு வாயில் ரத்தம். நான் பால்கனிக்குப் போய்ப் பல்லைத் தகரக் கூரையில் எறிந்தேன். டிங் டிங்கென்று இரண்டு முறை குதித்து எங்கோ நின்றது.

பிள்ளைகளே, இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விழுந்து முளைக்கிற பால்பல்லை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள். ஆனால் மறுபடி முளைக்காத பெரிய பல் உடைந்தால், உடைந்த துண்டைப் பாலில் போட்டுப் பல் டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். இது எனக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

பல் டாக்டர் சின்ன வயதுப் பெண். என் வாய்க்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணே, உடைஞ்ச துண்டு எங்க? இருந்தா ஒட்டிப் பார்க்கலாமே" என்றார்.

"கூரையில" என்றேன்.

"எங்க?"

"வீட்டுக் கூரையில. எறிஞ்சிட்டேன்."

அவர் கண்ணாடியை வெளியே எடுத்தார். "உங்களுக்கு என்ன வயசு?"

நான் வீட்டுக்கு ஓடினேன். பால்கனியில் குப்புறப் படுத்து, நீளத் துடைப்பத்தால் தகரக் கூரையைக் கூட்டினேன். கீழேயிருந்து வீட்டுக்காரம்மா, "தம்பி, தகரம் பழசு! விழுந்தா என் குழம்புச் சட்டியிலதான் விழுவே!" என்று கத்திக்கொண்டிருந்தார். ஓர் அறுந்த செருப்பு வார், இறகு வைத்த ஒரு விளையாட்டுப் பந்து, மூன்று வெள்ளைப் பொருட்கள் கிடைத்தன. மூன்றில் ஒன்றாவது என்னுடையதாக இருக்கும் என்று மூன்றையும் கைக்குட்டையில் முடிந்து எடுத்துப் போனேன்.

டாக்டர் இடுக்கியால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். "இது ஒரு சின்னப் பிள்ளையோட பல்லு. இது காய்ஞ்ச சோளம். இது..." என்று முகர்ந்து பார்த்தார். "அண்ணே, இது பூண்டு."

நான் சமையல்காரன். தமிழில் பூண்டையும் ஒரு பல், இரண்டு பல் என்றுதான் எண்ணுவோம் என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்று பார்த்தேன். எனக்குத் தெரிந்த வியட்நாமிய பாஷை அதற்குப் போதவில்லை. அந்தச் சின்னப் பல்லை மட்டும் திரும்பக் கொண்டுவந்து கூரையிலேயே போட்டுவிட்டேன். யாருடையதோ, எலி தேடி வந்தால் ஏமாறக் கூடாது.

என் பல் கிடைக்கவே இல்லை. "பரவாயில்லை, புதுசா செஞ்சிடலாம்" என்றார் டாக்டர். வேரைச் சுத்தம் செய்து, அதற்குள் ஓர் ஊன்று நட்டு, அதன்மேல் பீங்கானில் பல் செய்து மாட்டுவார்களாம். வேர் ஆற நாள் ஆகும். அதுவரை ஒரு தற்காலிகப் பல். குழைவாக ஒரு பசை வைத்திருந்தார். அதை நினைத்த வடிவத்தில் வைத்து நீல விளக்கைக் காட்டினால் கல்லாகிவிடுகிறது.

"இன்னைக்கே வச்சிடறேன். முழுப் பல்லு மாதிரியே இருக்கும்" என்றார்.

"முழுசா வேண்டாங்க" என்றேன்.

"ஏன்?"

"கொஞ்சமா வைங்க. அரிசி அளவு. அடுத்த வாரம் வர்றேன், இன்னும் கொஞ்சம் வைங்க. அதுக்கு அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம்."

அவருக்குப் புரியவில்லை. நான் மகளின் கதையைச் சொன்னேன். அவள் வகுப்பில் வாய் திறக்காததைச் சொன்னேன். கரும்பையும் சொன்னேன். டாக்டர் முகமூடிக்குள் என்ன செய்தார் என்று தெரியவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

"அண்ணே, நான் பல்லை அடைச்சிருக்கேன், புடுங்கியிருக்கேன். வளர்த்தது இல்லை" என்றார். ஆனால் வளர்த்தார்.

முதல் வாரம் என் ஈறின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு முனை தெரிந்தது. மகள் என் மடியில் ஏறி, இரண்டு விரலால் என் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். "அம்மா! வருது! அப்பாவுக்கு வருது!" அடுக்களையில் என் மனைவி தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள், சிரிப்புச் சத்தம் கேட்காமலிருக்க.

மகள் பல்குத்தும் குச்சி ஒன்றை எடுத்து, என் பல்லுக்குப் பக்கத்தில் வைத்து, பென்சிலால் கோடு போட்டாள். அந்தக் குச்சியை அவளுடைய பென்சில் டப்பாவில் பத்திரமாக வைத்தாள். ஒவ்வொரு நாளும் காலையில் வேலைக்குக் கிளம்பும்முன் நான் வாயைத் திறந்து நிற்க வேண்டும். அவள் அளந்த பிறகுதான் செருப்புப் போடலாம். மூன்றாம் வாரம் குச்சியில் மூன்று கோடுகள் இருந்தன. எனக்கு என் புத்தியை நினைத்துப் பெருமையாக இருந்தது.

பெருமை அந்த வாரத்தோடு சரி. மகளுக்கு இன்னும் முளைக்கவில்லை. ஒருநாள் காலையில் அளந்துவிட்டு, குச்சியைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"உனக்குக் கடைசியாத்தான விழுந்துச்சு! உனக்கு மட்டும் வருது!"

"உனக்கும் வரும் பாப்பா."

"வராது. உன்னுது கூரையில போட்டது. என்னுது கட்டிலுக்கு அடியில. கூரைதான் நல்லது. அக்கம்மா தப்பா சொல்லிட்டாங்க." வீட்டுக்காரம்மாவை அவள் அக்கம்மா என்பாள்.

என் மனைவி சும்மா இருந்திருக்கலாம். "நான் அப்பவே சொன்னேன்ல" என்றாள்.

அன்று மாலை நான் வேலையிலிருந்து வரும்போது, வீட்டுக்காரம்மா படிக்கட்டில் வழியை மறித்துக்கொண்டு நின்றார். மேலே மகள் இருப்பதால் கிசுகிசுவென்று பேசினார்.

"தம்பி, புள்ளை வந்து கட்டிலுக்கு அடியில பல்லைத் தேடுது. கூரைக்கு மாத்தணுமாம். எங்க எலி சரியில்லையாம்."

"அக்கா, அது வந்து..."

"என் மூணு புள்ளைக்கும் அந்த எலிதான் பல்லு கொடுத்துச்சு. வரிசையா, சோளக்கதிர் மாதிரி. உங்க கூரை வாராவாரம் பல்லு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வருது. எங்க எலி பாவம், எங்கயும் போகலை. இது போட்டியா? இது அநியாயம்!"

அநியாயம்தான். என்ன செய்வது என்று யோசித்து, மறுநாள் நேராக டாக்டரிடம் போனேன்.

"கொஞ்சம் குறைக்கணும்" என்றேன்.

"எதை?"

"பல்லை. வேகமா வளர்ந்துடுச்சு. புள்ளை பொறாமைப்படுது."

அவர் என்னை வாயைத் திறக்கச் சொன்னார். பிறகு நுனியைத் தேய்த்துவிட்டார்.

நீங்கள் எல்லாம் கெட்டிக்காரப் பிள்ளைகள். இந்நேரம் என் தப்பைக் கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்கு மறுநாள் காலையில் வாயைத் திறந்து நின்றபோதுதான் குச்சியின் ஞாபகம் வந்தது.

மகள் அளந்தாள். திரும்ப அளந்தாள். குச்சியைத் திருப்பிப் பிடித்து அளந்தாள்.

"அப்பா. பல்லு உள்ள போகுது."

"அப்படியா?"

"நேத்து இங்க இருந்துச்சு. இன்னைக்கு இங்க இருக்கு. ஏன்?"

ஒன்பதாம் வகுப்பில் எனக்கு யாரும் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை. "சளி புடிச்சா பல்லு கொஞ்சம் உள்ள போகும்" என்றேன்.

அன்றிலிருந்து எனக்கு ஐஸ் போட்ட காப்பி நிறுத்தப்பட்டது. சைகோனில் வெயில் மண்டையைப் பிளக்கும். அந்த வெயிலில் என் மகள் என் கழுத்தில் துண்டைச் சுற்றிவிட்டாள். காலையிலும் மாலையிலும் இஞ்சிச் சாறு. என் மனைவி மறுக்காமல், மிளகும் சேர்த்துக் காய்ச்சிக் கொடுத்தாள். "குடிங்க. பல்லு உள்ள போயிடப்போகுது" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். ஐந்து நாள் குடித்தேன்.

ஆறாம் நாள் டாக்டரிடம் போய், சீக்கிரம் முழுப் பல்லாகப் போட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். "வளர்க்கச் சொன்னீங்க, வளர்த்தேன். குறைக்கச் சொன்னீங்க, குறைச்சேன்" என்றார் அவர். "இனிமே வளரணும், தேயணும்னா நிலாகிட்டப் போய்க் கேளுங்க. வேர் ஆறிடுச்சு. நான் நிஜப் பல்லுக்கு அளவு எடுக்கப்போறேன்."

அந்த நிஜப் பல்லைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். பல் என்றால் வெள்ளையாக ஒரு கட்டி என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. உள்ளே மஞ்சளாக ஓர் அடுக்கு, அதன்மேல் கண்ணாடி மாதிரி ஒளி புகுகிற ஓர் அடுக்கு. உள்ளே இருக்கிற மஞ்சள் வெளியே இருக்கிற கண்ணாடி வழியாகத் தெரிவதால்தான் பல் பல் மாதிரி இருக்கிறது. பீங்கான் பல்லையும் அப்படியே அடுக்கடுக்காகச் செய்கிறார்கள். டாக்டர் ஜவுளிக்கடையில் நிறம் காட்டுகிற அட்டை மாதிரி ஒன்றை எடுத்தார். அதில் வரிசையாகப் பற்கள். ஒவ்வொன்றும் ஒரு வெள்ளை. ஒவ்வொன்றாக என் பக்கத்துப் பல்லோடு வைத்துப் பார்த்தார். ஈறுப் பக்கத்துக்கு ஒரு நிறம், நடுவுக்கு ஒன்று, நுனிக்கு வேறொன்று. போட்டோவும் எடுத்தார்.

"இருக்கிறதுலயே வெள்ளையா போடுங்க" என்றேன்.

"போட்டா வாய்க்குள்ள குழல்விளக்கு எரியற மாதிரி இருக்கும்."

பத்து நாளில் பல் வந்தது. பார்த்ததும் எனக்குக் கோபம். புதுப் பல்லில் ஒரு மெல்லிய கோடு, முடி மாதிரி. கீழே ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. "கீறல் விழுந்த சரக்கைக் கொடுத்திருக்காங்க, மாத்திக் கேளுங்க" என்றேன்.

டாக்டர் என் கையில் கண்ணாடியைக் கொடுத்தார். பக்கத்துப் பல்லில் அதே மாதிரி கோடு, அதே மாதிரி புள்ளி. நாற்பது வருடமாக என் வாயில் இருந்ததை நான் பார்த்ததே இல்லை. யாரோ ஒரு தொழிலாளி, என் முகத்தையே பார்க்காதவர், போட்டோவை வைத்துக்கொண்டு, மயிர் போன்ற தூரிகையால் அதை வரைந்திருக்கிறார்.

பின்பக்கமும் காட்டினார். முன்பல்லின் பின்பக்கம் லேசாகக் குழிந்திருக்கும், கீழ்ப் பல் அதில் வழுக்கிப் போவதற்கு. ஆட்டுக்கல்லில் குழவிக்குக் குழி சரியாக இல்லாவிட்டால் மாவு அரைபடாது, கல்தான் தேயும். அதே கதைதான். நீல மைத்தாள் ஒன்றைக் கடிக்கச் சொல்லி, எங்கே மை அதிகம் ஒட்டுகிறதோ அங்கே துளித் துளியாகத் தேய்த்தார். கடைசியில் கடித்தபோது எது என் பல், எது பீங்கான் என்று நாக்குக்கே தெரியவில்லை.

"ஒண்ணு மட்டும்" என்றார் டாக்டர். "கரும்பு கூடாது."

மகளும் ஏமாந்துவிட்டாள். கோட்டையும் புள்ளியையும் பார்த்து, "அதே பல்லேதான் வந்திருக்கு" என்றாள். சளி சரியானதும் பல் கடகடவென்று வளர்ந்துவிட்டதாக அவளே ஒரு காரணமும் கண்டுபிடித்தாள். குச்சியில் கடைசிக் கோடு போட்டாள். அடுத்த வாரமே அவளுடைய ஈறிலும் ஒரு வெள்ளை முனை தெரிந்தது. நான் பிழைத்தேன் என்று நினைத்தேன்.

ஆனால் அவள் சிரிக்கவில்லை. காலையில் கண்ணாடி முன்னால் நின்று தன் பல்லைப் பார்ப்பாள். திரும்பி என் உதட்டைத் தூக்கிப் பார்ப்பாள். பிறகு பள்ளிக்குக் கிளம்பிவிடுவாள். இப்படிப் பத்து நாள் போனது. பிறகு ஆசிரியையிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது. படித்துவிட்டு, வீட்டுக்காரம்மாவிடம் காட்டி அர்த்தத்தைச் சரிபார்த்தேன்.

"உங்கள் மகள் இப்போது வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள். எல்லாப் பிள்ளைகளையும் வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்க்கிறாள். நேற்று என்னையும் திறக்கச் சொன்னாள். கொஞ்சம் அமைதியாக இருக்கச் சொல்லவும்."

அன்று மாலை அவள் பென்சில் டப்பாவோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, வாயைத் திற."

திறந்தேன்.

"என் பல்லு நுனியைப் பாரு. மூணு மலை இருக்கு. ரம்பம் மாதிரி."

பார்த்தேன். இருந்தது. நீங்களும் கண்ணாடியில் பாருங்கள். புதிதாக முளைத்த முன்பல்லின் நுனியில் மூன்று சின்ன மேடுகள் இருக்கும். கடித்துக் கடித்து, வருடக்கணக்கில் தேய்ந்து சமமாகிவிடும்.

"என் க்ளாஸ்ல புதுப் பல்லு வந்த எல்லாருக்கும் மலை இருக்கு. பன்னெண்டு பேருக்குப் பார்த்துட்டேன். டீச்சருக்கு இல்ல. ஏன்னா அது பழைய பல்லு." என் பல்லைக் குச்சியால் தட்டினாள். "உன்னுது போன மாசம் முளைச்சது. மலை எங்க?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் குழாயைத் திறக்கப் போகவில்லை. சொல்லுங்க, என்கிற மாதிரி நின்றாள்.

அந்தப் பல்லைச் செய்த தொழிலாளி பொய் சொல்லவில்லை. பக்கத்துப் பல்லின் வயதைப் பார்த்து, என் வயதை அப்படியே அதில் எழுதிவிட்டார். பொய் சொன்னது நான்தான்.

"இது முளைக்கலை பாப்பா" என்றேன். "செஞ்சு மாட்டினது. பெரியவங்களுக்குத் திரும்ப முளைக்காது. அப்பா பொய் சொல்லிட்டேன்."

"சளி?"

"அதுவும் பொய்தான்."

"இஞ்சிச் சாறு குடிச்சியே?"

"குடிச்சது நிஜம்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் நாக்கால் தன் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் பல்லு?"

"அது நிஜமா முளைச்சது. யாரும் செய்யலை. மலை இருக்குல்ல."

"அப்போ எலி உனக்கு வரவே இல்லை."

"வரலை."

"எனக்கு மட்டும்தான் வந்துச்சு."

அவள் முகம் மாறியதைப் பார்த்திருக்க வேண்டும். தடதடவென்று படியில் இறங்கினாள். கீழே கத்துவது மாடிவரை கேட்டது. "அக்கம்மா! உங்க எலிதான் நல்ல எலி! கூரை எலி வரவே இல்லையாம்! அப்பா கடையில வாங்கி மாட்டியிருக்காரு!"

கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரம்மா ஒரு தட்டு நிறைய நறுக்கிய மாங்காயோடு மேலே வந்தார். என்னைத் தாண்டி நடந்தார். தட்டை என் மனைவியின் கையில் கொடுத்து, சிரித்துவிட்டுப் போனார். என் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"உங்களால நம்ம ஊர்க் கூரைக்கே கெட்ட பேரு."

இந்த விஷயம் இரண்டு மாதம் அப்படியே நின்றது. பிறகு மகளுக்குக் கீழ்ப் பல் ஒன்று ஆடி விழுந்தது. கீழ்ப் பல் என்றால் சைகோனிலும் கூரை, காரைக்காலிலும் கூரை. சண்டைக்கே இடமில்லை. வீட்டுக்காரம்மாவும் என் மனைவியும் பால்கனியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். கரும்புச்சாறு அம்மாளும் சந்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவர் நின்று பார்த்தார். என்னைப் பார்த்ததும் கரும்புக் கழிகளை வண்டியின் மறுபக்கத்துக்கு மாற்றி வைத்தார்.

மகள் பல்லைக் கையில் பிடித்துக்கொண்டு எறியப் போனவள், நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நீ வாயை மூடிக்க."

"ஏன்மா?"

"எலி உன் பல்லைப் பார்த்தா கோவிச்சுக்கும்."

மூடிக்கொண்டேன். பல் தகரத்தில் டிங் டிங்கென்று குதித்துப் போனது. எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன், அந்தப் பீங்கான் பல்லால்தான். அசல் பல் போலவே கடித்தது.